கைவேலைக் கேள்விகள்: ஊரில் புதிதாகத் திறந்த கம்பளி நூல் கடை

கேள்வி: எங்கள் வீட்டுக்கு அருகே கம்பளி நூலுக்கென்றே ஒரு கடை புதிதாகத் திறந்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ஊசியில் ஸ்வெட்டர் பின்னி வருகிறேன். அண்மையில் தக்ளியில், அதாவது கையால் சுழற்றி நூற்கும் கதிரில், கம்பளி நூற்கவும் பழகுகிறேன். முதல்முறை அந்தக் கடைக்குப் போகும்போது எதைக் கவனிக்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும்?
– ஒரு வாசகி, குன்னூர்

பதில்: நிறத்தைப் பார்ப்பதற்கு முன்னால், அந்த நூல் எந்த இழையால் ஆனது என்று கேளுங்கள். கம்பளி நூல் என்று நாம் கேட்டு வாங்கும் உருண்டைகளில் பல முழுக்க முழுக்க அக்ரிலிக்காகவே இருக்கின்றன. அக்ரிலிக்கை நான் குறைத்துச் சொல்லவில்லை. அடிக்கடி துவைக்க வேண்டிய குழந்தைத் துணிக்கு அது ஏற்றது, விலையும் குறைவு, பூச்சியும் அரிக்காது. ஆனால் ஆட்டு மயிரால் ஆன கம்பளி, தன் எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வரை ஈரத்தை உள்வாங்கிக்கொண்டும் உடலுக்கு நனைந்த உணர்வைத் தராது என்பதால், மாதக்கணக்கில் மூடுபனியும் தூறலுமாக இருக்கும் நம் மலைக்கு அதற்கு ஈடான இழை வேறில்லை என்பது என் உறுதியான கருத்து.

லேபிள் இல்லாமல் சிட்டமாக, அதாவது உருட்டாமல் வளையமாகச் சுற்றி, விற்கும் நூலானால், ஒரு விரல் நீளத் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் தண்ணீர்க் கிண்ணத்துக்கு மேலே இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பாருங்கள். கம்பளி முடி கருகும் வாசனையோடு மெதுவாக எரிந்து, நெருப்பை விலக்கியதும் தானே அணையும், சாம்பல் விரலில் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சொட்டும், ஆறியபின் கெட்டியான மணியாக நிற்கும். இரண்டும் கலந்த நூலில் இரு அடையாளங்களும் சேர்ந்தே தெரியும்.

லேபிள் இருந்தால் எடையோடு நீளத்தையும் பாருங்கள், ஏனெனில் ஒரே 100 கிராம் உருண்டை நூலின் பருமனுக்கு ஏற்ப நீளத்தில் வெகுவாக மாறும். 4 மில்லிமீட்டர் ஊசிக்குப் பொருந்தும் நடுத்தர நூல் 100 கிராமுக்கு ஏறத்தாழ 200 முதல் 230 மீட்டர் வரை வரும். பெரியவர்கள் அணியும் முழுக்கை ஸ்வெட்டருக்கு அதில் 450 முதல் 500 கிராம் வரை தேவைப்படும். சாயத் தொகுதி எண், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றிய நூலுக்கு இடும் எண், எல்லா உருண்டையிலும் ஒன்றாகவே இருக்கட்டும். கடை வெளிச்சத்தில் ஒரே நிறமாகத் தெரியும் இரு தொகுதிகள், பின்னி முடித்து வெயிலில் விரிக்கும்போது மார்பின் குறுக்கே கோடு போட்டதுபோல் வேறுபட்டு நிற்கும்.

ஊசியைப் பொறுத்தவரை எண்ணை நம்பாமல் மில்லிமீட்டரைக் கேளுங்கள். நம் வீடுகளில் புழங்கும் பழைய ஆங்கிலேய அளவில் 8ஆம் எண் ஊசி 4 மில்லிமீட்டர், 10ஆம் எண் 3.25 மில்லிமீட்டர், அதாவது எண் கூடக்கூட ஊசி மெலியும். அமெரிக்க அளவில் அதே 8 என்பது 5 மில்லிமீட்டர். கடையிலிருந்து ஒரே ஓர் உருண்டையை முதலில் வாங்கி, ஒரு சாண் அளவுக்கு மாதிரித் துண்டு பின்னி, துவைத்து உலர்த்தி அளந்துவிட்டு, மீதி உருண்டைகளை அதே தொகுதியில் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி (பின்னல் வளையம்) வர வேண்டிய இடத்தில் உங்கள் கைக்கு 20 கண்ணி வந்தால், 198 கண்ணியில் 90 சென்டிமீட்டர் சுற்றளவு வர வேண்டிய உடுப்பு 99 சென்டிமீட்டராகிவிடும்.

கேள்வி: நான் நூற்பவள். கடையில் நூல் மட்டுமே இருக்கிறது, நூற்பதற்கான கம்பளி இல்லை. இத்தனை ஆடுகள் மேயும் மலையில் வெளியூர்க் கம்பளியைத்தான் தேட வேண்டுமா?
– ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: உங்கள் ஆதங்கம் நியாயமானது. தமிழ்நாட்டுச் சமவெளியின் குரும்பை ஆடுகள் தருவது கம்பளிப் போர்வைக்கு உரிய முரட்டு மயிர். நம் மலையின் நீலகிரி ஆடு அப்படிப்பட்டதல்ல. 19ஆம் நூற்றாண்டில் உள்ளூர் ஆடுகளோடு மெரினோ, செவியட் முதலிய இனங்கள் கலந்து உருவான இந்த இனத்தின் மயிர் சராசரியாக 27 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமன் கொண்டது. 30 மைக்ரானுக்கு மேற்பட்ட இழைகளே பெரும்பாலும் தோலில் குத்துகின்றன என்பதால், இது உடுப்புக்குத் தகுந்த கம்பளி. எண்ணிக்கையில் மிகவும் குறைந்துவிட்ட இந்த இனத்தை, ஊட்டியை அடுத்த சாண்டிநல்லாவில் உள்ள கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் ஆடு ஆராய்ச்சி நிலையம் பேணி வருகிறது. பழனி மலையில், கொடைக்கானலுக்கு அப்பால் மன்னவனூரில், மத்திய ஆடு மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறது. அதன் கம்பளி இன்னும் மெல்லியது, 20 மைக்ரானை ஒட்டி வரும்.

ஆகவே கடைக்காரரிடம் "நூற்கக் கம்பளி இருக்கிறதா?" என்று கேட்டுவிட்டுத் திரும்பி வராதீர்கள். எந்த இனம், எவ்வளவு எடை, கழுவியதா, சிக்கெடுத்துச் சீவியதா என்று எழுதிக் கொடுத்து வாருங்கள். புதிய கடைக்காரர் எதை வாங்கி வைப்பது என்று தீர்மானிக்காத காலம் இது. இரண்டு மூன்று பேர் ஒரே பொருளைக் கேட்டாலும் அவருக்கு அது வழிகாட்டும்.

கழுவாத கம்பளி கிடைத்தால், விலை பேசும்போதே எண்ணெய்ப் பசையைக் கணக்கில் எடுங்கள். மெரினோ போன்ற மெல்லிய கம்பளி, கழுவியபின் பாதி எடை வரை குறையக்கூடும். ஏறத்தாழ 60 டிகிரி வெந்நீரில் சோப்புக் கரைத்து, கம்பளியை அலசாமல், கசக்காமல் அமிழ்த்தி மட்டும் வையுங்கள். சூட்டில் கசக்கினால் இழையின் மேலுள்ள செதில்கள் ஒன்றோடொன்று பிணைந்து கம்பளி கட்டிபட்டுவிடும். பஞ்சுக்கென்று செய்த சிறிய பித்தளைத் தக்ளி கம்பளிக்குப் போதாது, 30 முதல் 50 கிராம் எடையுள்ள மரத் தக்ளி வேண்டும். கடைக்குப் போகும்போது நீங்கள் நூற்றதில் ஒரு சிறு சிட்டத்தை எடுத்துச் செல்லுங்கள். அளவுகோலில் ஓர் அங்குலத்துக்கு நெருக்காமல் சுற்றி, எத்தனை சுற்று வருகிறதென்று எண்ணினால், 12 சுற்று வரும் நூலுக்கு 4 மில்லிமீட்டர் ஊசி ஒத்துவரும். இரண்டு இழைகளைச் சேர்த்து முறுக்கும்போது, நூற்ற திசைக்கு எதிர்த்திசையில் முறுக்கினால்தான் நூல் சுருளாமல் நிற்கும்.

கேள்வி: இணையத்தில் இதே நூல் விலை குறைவாகக் கிடைக்கிறதே, கடையில் வாங்குவதில் என்ன லாபம்?
– ஒரு வாசகி, கொடைக்கானல்

பதில்: நூலைக் கழுத்தருகே வைத்து உரசிப் பார்த்து வாங்கும் வசதி கடையில் மட்டுமே உண்டு, கம்பளியில் அதற்கு மிஞ்சிய சோதனை கிடையாது. விலை வித்தியாசம் பெரிதாக இருந்தால், ஸ்வெட்டருக்கு வேண்டிய மொத்த நூலையும் ஒரே இடத்தில் வாங்குவதாகச் சொல்லி விலை கேளுங்கள். மிஞ்சும் முழு உருண்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களா, எத்தனை நாளுக்குள் கொண்டுவர வேண்டும் என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டு, ரசீதின் பின்புறம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். லேபிள் கிழியாத உருண்டையைத்தான் திரும்ப எடுப்பார்கள்.