லேப்டாப்பை மூடினதுக்கு அப்புறம்: வெப் டெவலப்பர்கள் கேள்வி பதில்

கேள்வி: நாலு வருஷமா ஃப்ரண்ட்எண்ட் டெவலப்பரா (சைட்டுல கண்ணுக்குத் தெரியற பக்கத்தை எழுதறவரா) இருக்கேன், அதுக்கான டூல்ல ரியாக்ட் மட்டும்தான் உருப்படியா தெரியும். வாரத்துக்கு ஒரு புது டூல் வருது, கூட வேலை பாக்கறவங்க அதைப் பத்தியே பேசறாங்க. சனி ஞாயிறு முழுக்க டுடோரியல் பாத்தே போயிடுது, ஆனாலும் பின்தங்கிட்டேனோன்னு பயம் போக மாட்டேங்குது.

பதில்: முதல்ல அந்த சனி ஞாயிறை திரும்ப எடுத்துக்கோங்க. ஆறுதலுக்கு சொல்லல, நான் பட்ட பாட்டை வெச்சு சொல்றேன். நான் இந்த வேலைக்கு வந்தப்போ ஜேக்வெரின்னு ஒரு லைப்ரரி, அதாவது ரெடியா எழுதி வெச்ச கோட் தொகுப்பு, தெரியலன்னா இன்டர்வியூல உள்ளயே விட மாட்டாங்க, அது 2006ல வந்தது. அப்புறம் 2010ல ஆங்குலர்ஜேஎஸ்னு ஒரு ஃப்ரேம்வொர்க், அதாவது சைட் கட்டறதுக்கான அடிச்சட்டம், வந்துச்சு, ராத்திரி ராத்திரியா உக்காந்து படிச்சேன், 2016ல அதையே அடியோட மாத்தி எழுதி ஆங்குலர் 2ன்னு விட்டாங்க, நான் படிச்சதுல பாதி அப்பவே காலாவதி ஆயிடுச்சு, பழசுக்கு 2021 டிசம்பரோட சப்போர்ட்டும் நின்னுபோச்சு. நடுவுல 2013ல ரியாக்ட், 2014ல வியூ. வெப்ல அனிமேஷன், கேம் ஓட்டின ஃப்ளாஷை மட்டுமே நம்பி இருந்தவங்க எனக்குத் தெரிஞ்சு நாலஞ்சு பேர், 2020 டிசம்பர் 31ஓட அடோபி அதுக்கு சப்போர்ட்டை நிறுத்திடுச்சு.

இதெல்லாம் போச்சே, எது போகாம நின்னுச்சுன்னு பாருங்க. 1995ல பிரெண்டன் ஐக் நெட்ஸ்கேப்ல இருந்தப்போ பத்தே நாள்ல, ப்ரவுசர்ல ஓடற மொழியான ஜாவாஸ்கிரிப்ட்டோட முதல் வடிவத்தை எழுதினார். அந்த ஆரம்ப காலத்துல நுழைஞ்ச ஒரு தப்பு, எதுவும் இல்லங்கறதைக் குறிக்கற நல் என்ன வகைன்னு டைப்ஆஃப் போட்டுக் கேட்டா ஆப்ஜெக்ட்னு வரும், இன்னைக்கும் அப்படியேதான் வருது. தப்புன்னு எல்லாருக்கும் தெரியும், ஆனா திருத்தினா பழைய சைட்டுங்க உடைஞ்சுடும்னு கை வைக்கல. 2018ல இன்னொண்ணு நடந்துச்சு, அர்ரேக்கு, அதாவது வேல்யூக்களை வரிசையா வைக்கற பட்டியலுக்கு, புதுசா ஒரு ஃபங்ஷன் கொண்டுவந்து "ஃப்ளாட்டன்"னு பேர் வைக்கறதா இருந்தாங்க, மூடூல்ஸ்னு ஒரு பழைய லைப்ரரி போட்ட சைட் உடையுதுன்னு தெரிஞ்சதும் பேரையே "ஃப்ளாட்"னு மாத்திட்டாங்க. யாரோ எப்பவோ எழுதிப் போட்ட சைட்டுக்காக ஒரு மொழியே ஒதுங்கி நிக்குது, எனக்கு இதை நினைச்சா இப்பவும் நெகிழ்ச்சியா இருக்கும். வெப் தன்னோட பழசை விடாது, ஃப்ரேம்வொர்க்தான் விடும்.

அதனால படிக்கற நேரத்தை விடாத பக்கம் போடுங்க. க்ளோஷர் (ஒரு ஃபங்ஷன் தான் உருவான இடத்து வேரியபிள்களைப் பிடிச்சு வெச்சுக்கறது), ஈவென்ட் லூப் (எந்த வேலை எப்ப ஓடணும்னு வரிசைப்படுத்தறது), சிஎஸ்எஸ் லேஅவுட் (பக்கத்துல எது எங்க நிக்கணும்ங்கறது), ஹெச்டிடிபி கேஷ் (ஒரு தடவை வாங்கினதை சேர்த்து வெச்சு திரும்பப் பயன்படுத்தறது) எப்படி வேலை செய்யுது, இதெல்லாம். ரியாக்ட்ல யூஸ்எஃபெக்ட்ங்கற ஃபங்ஷன் உள்ள பழைய வேல்யூவே வந்துட்டு இருக்குன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருப்பீங்க, அது பெரும்பாலும் ரியாக்ட் பிரச்சனை இல்ல, க்ளோஷர் புரியாத பிரச்சனை. புது டூல் பேர் காதுல விழுந்தா எதுக்குன்னு ஒரு வரி தெரிஞ்சு வெச்சுக்கோங்க, வேலைக்கு தேவைப்படற அன்னைக்கு படிச்சுக்கலாம், அடி பலமா இருந்தா ரெண்டு வாரத்துல பிடிச்சுடுவீங்க. அதையும் ஆஃபீஸ் நேரத்துல படிங்க. ஒரு டிக்கெட்டுக்கு (உங்களுக்குக் குடுத்த ஒரு வேலைக்கு) நேரம் குறிக்கும்போதே படிக்கற நேரத்தையும் சேர்த்துச் சொல்லுங்க, அது வேலையோட ஒரு பகுதிதான்.

கேள்வி: ஒன்பது வருஷ அனுபவம். டீம் மேனேஜர் ஆகச் சொல்றாங்க. எனக்கு கோட் எழுதத்தான் பிடிக்குது, ஆனா வேணாம்னு சொன்னா அப்படியே தேங்கிடுவேனோ? வீட்லயும் பிரமோஷனை வேணாங்கறியான்னு கேக்கறாங்க.

பதில்: வீட்ல கேக்கறது நியாயம்தான்மா, வெளியில இருந்து பாத்தா அது ஒரே ஏணி மாதிரி தெரியும். உள்ள ரெண்டு ஏணி இருக்கு. ஒண்ணு ஆளுங்களை பாத்துக்கற வழி, இன்னொண்ணு சீனியர், ஸ்டாஃப், பிரின்சிபல்னு டெக்னிக்கலாவே மேல போற வழி. எல்லா கம்பெனியிலயும் ரெண்டாவது இருக்காது, அதனால முதல்ல கேக்க வேண்டிய கேள்வி "நான் மேனேஜர் ஆகலன்னா இங்க எனக்கு அடுத்த படி என்ன, அந்தப் படியில இப்ப யாரு இருக்கா"ங்கறதுதான். ஆளைக் காட்ட முடியலன்னா அந்தப் படி காகிதத்துல மட்டும்தான் இருக்குன்னு அர்த்தம்.

ஆனா ஒண்ணு, கோட் மட்டும் எழுதிட்டு இருந்தாலும் மேல போகப் போக மனுஷங்களோட பேசறது கூடத்தான் செய்யும். டிசைன் டாக் (எதை எப்படி கட்டப் போறோம்ங்கற திட்டம்) எழுதணும், ரெண்டு டீம் சண்டையில நடுவுல உக்காரணும், ஜூனியர் எழுதினதை மனசு நோகாம ரிவ்யூ பண்ணணும். அது பிடிக்காமத்தான் மேனேஜர் வேணாங்கறீங்கன்னா, அந்த வழியிலயும் அதே கஷ்டம் வரும். அது பிடிக்குது, ஆனா லீவு அப்ரூவல், அப்ரைசல், ஆள் எடுக்கறது இதெல்லாம் வேணாம்னா தைரியமா வேணாம்னு சொல்லுங்க. ஆறு மாசம் தற்காலிகமா பாத்துட்டு திரும்பலாமான்னும் கேளுங்க. நான் அப்படி பாத்தேன், திரும்பினேன், அந்த ஆறு மாசம் வீணில்ல, மேனேஜர் எதுக்கு பதட்டப்படறார்னு அதுக்கப்புறம்தான் எனக்குப் புரிஞ்சுது.

கேள்வி: ஆன்-கால் (சைட்ல கோளாறு வந்தா எந்நேரமும் பாக்கற முறை) வந்தா ராத்திரி தூக்கமே இல்ல. வெள்ளிக்கிழமை சாயங்காலம் புது கோடை டிப்ளாய் பண்றாங்க (லைவ் சைட்ல ஏத்தறாங்க), சனிக்கிழமை நான் சரிபண்ணிட்டு இருக்கேன். குழந்தை என்னைப் பாத்து "அப்பா எப்பவும் ஃபோன்லயே இருக்காரு"ன்னு சொல்லுது.

பதில்: குழந்தை சொன்னதை டீம் மீட்டிங்ல அப்படியே சொல்லுங்க சார், நான் நிஜமாத்தான் சொல்றேன். இது உங்க பொறுமை சம்பந்தப்பட்ட விஷயமே இல்ல, சிஸ்டம் சரியில்ல. ராத்திரி வந்த ஒவ்வொரு அலர்ட்டையும் ஒரு மாசம் எழுதி வைங்க, எத்தனை மணிக்கு வந்துச்சு, எழுந்து என்ன பண்ணீங்க, பண்ணாம விட்டிருந்தா காலையில என்ன ஆகியிருக்கும். நான் ஒரு தடவை இப்படி எழுதினப்போ பாதிக்கு மேல காலையில பாத்தாலே போதுங்கற ரகம், சிலது தானா சரியாகறது. அதையெல்லாம் ராத்திரி ஃபோனை அடிக்காத மாதிரி மாத்தினோம். அப்புறம் ரோல்பேக் (பழைய வடிவத்துக்கே திரும்பறது) ஒரே பட்டன்ல நடக்கணும், புது ஃபீச்சரை ஃப்ளாக் (ஒரு சுவிட்ச் மாதிரி) போட்டு அணைக்க முடியணும், இந்த ரெண்டும் இல்லாத டீம் வெள்ளிக்கிழமை டிப்ளாய் பண்றதுக்கு உங்க சனிக்கிழமைதான் பலி. ராத்திரி எழுந்தவங்களுக்கு மறுநாள் காலை ஓய்வுன்னு எழுத்துல வாங்குங்க. வாய்ல சொன்னா ரெண்டு வாரம்தான் தாங்கும்.

கேள்வி: வயசு 38, பதினாலு வருஷமா டீச்சர். வெப் டெவலப்மென்ட் கத்துக்கிட்டு இருக்கேன். ஏஐயே கோட் எழுதுது, இனிமே என்ன இருக்குன்னு எல்லாரும் சொல்றாங்க. விட்டுடட்டுமா?

பதில்: விடாதீங்க டீச்சர், ஆனா கண்ணைத் திறந்துட்டு வாங்க. 2022 கடைசியில சாட்ஜிபிடி வந்ததுல இருந்து நம்ம வேலை மாறிட்டுத்தான் இருக்கு, ஃபார்ம் ஒண்ணு போடு, டேபிள் ஒண்ணு போடுங்கற வேலையெல்லாம் அது சட்டுனு முடிச்சுக் குடுக்குது. ஜூனியர்களுக்கு குடுக்கற வேலையும் அதுதான், அதனால முதல் வேலை கிடைக்க முன்னைவிட நாளாகலாம், இருக்கற வேலையை இன்னைக்கே விட்டுட்டு வராதீங்க.

ஆனா அது எழுதினது சரியான்னு பாக்க ஆள் வேணும். ஒரு உதாரணம், அது எழுதிக் குடுக்கற ஃபார்ம் பாக்க அழகா இருக்கும், சில சமயம் இன்புட்டுக்கு லேபிள் இருக்காது, கண் தெரியாதவங்க ஸ்க்ரீன் ரீடர்ல கேட்டா எந்தக் கட்டம் எதுக்குன்னே தெரியாது. சாம்பல் எழுத்தை வெள்ளை மேல போட்டிருக்கும், சாதாரண அளவு எழுத்துக்கு குறைஞ்சது 4.5க்கு 1 கான்ட்ராஸ்ட் (எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசம்) வேணும்னு, எல்லாரும் பயன்படுத்தற மாதிரி வெப் கட்டறதுக்கான வழிகாட்டியான டபிள்யூசிஏஜி சொல்லுது, அது இருக்கான்னு நீங்க அளந்து பாக்கணும். பதினாலு வருஷம் கடைசி பெஞ்சுப் பிள்ளைக்கும் புரியுதான்னு பாத்துப் பழகின கண்ணு உங்களுக்கு இருக்கு. அக்சஸிபிலிட்டியில (குறைபாடு உள்ளவங்களும் சைட்டைப் பயன்படுத்த முடியற மாதிரி செய்யற வேலையில) இறங்குங்க, அந்தக் கண்ணு அங்க ரொம்ப தேவை.

கேள்வி: கண் எரியுது, மணிக்கட்டு வலிக்குது. நிறைய பேருக்கு இருக்குதே, சகஜம்தானே?

பதில்: நிறைய பேருக்கு இருக்குங்கறதால சகஜம் ஆகிடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருக்கா இருபது அடி தள்ளி இருக்கற எதையாவது இருபது செகண்ட் பாருங்க, கண் டாக்டருங்க சொல்றதுதான். ஸ்க்ரீனை வெறிச்சுப் பாக்கும்போது நாம கண் சிமிட்டறது குறைஞ்சுடும், எரிச்சலுக்கு அதுவும் காரணம். மணிக்கட்டு வலி விரல் மரத்துப்போற அளவுக்கு வந்தா இந்தப் பக்கத்துக்கு எழுதாதீங்க, டாக்டரைப் பாருங்க, இன்னைக்கே.

கேள்வி: வயசு 33. வேலையைத் தவிர என்கிட்ட எதுவும் இல்ல. லீவு போட்டா என்ன பண்றதுன்னு தெரியாம சைட் ப்ராஜெக்ட் ஆரம்பிச்சுடறேன்.

பதில்: உங்க லெட்டரை மூணு தடவை படிச்சேன், ஏன்னா உங்க வயசுல நானும் அங்கதான் இருந்தேன். சைட் ப்ராஜெக்ட் ஆசையா பண்ணினா தப்பே இல்ல, ஆனா சும்மா இருக்க பயந்து பண்றது வேற, வித்தியாசம் உங்களுக்கே தெரியும். எனக்கு ஒரு தடவை கடைசி நிமிஷத்துல ரிலீஸ் தள்ளிப்போய் ஒரு வாரம் சும்மா கிடைச்சுது, மூணாவது நாள் யாருக்காவது ஃபோன் பண்ணலாம்னு லிஸ்ட்டைப் பாத்தா கடைசியா பேசின எல்லாருமே கூட வேலை பாக்கறவங்க. அன்னைக்கு ரொம்ப உடைஞ்சு போயிட்டேன். அடுத்த மாசம் நீச்சல் கத்துக்கப் போனேன், காரணம் ஒண்ணே ஒண்ணு, தண்ணிக்குள்ள ஃபோன் கொண்டுபோக முடியாது. ஆரம்பத்துல அந்த முக்கால் மணி நேரமும் மனசு கோட்ல இருந்த பிழையைத்தான் சுத்திட்டு இருந்துச்சு, ரெண்டு மாசம் கழிச்சு ஒரு நாள் கரையேறும்போதுதான் இன்னைக்கு ஆஃபீஸ் ஞாபகமே வரலன்னு கவனிச்சேன்.

நீங்க எதை எடுத்தாலும் நேரம் குறிச்சதா எடுங்க, நீங்க வரலன்னா ஏன் வரலன்னு கேக்க இன்னொரு ஆள் இருக்கற மாதிரி எடுங்க. தனியா ஆப் பாத்து கத்துக்கறது வேணாம், அது மறுபடி ஸ்க்ரீன்தான். பழைய ஃப்ரெண்டு யாராவது ஒருத்தரையும் இந்த வாரம் கூப்பிடுங்க, ரொம்ப நாள் ஆச்சேன்னு தயங்காதீங்க, நான் கூப்பிட்டப்போ எதிர்ல எடுத்தவன் ஏன் இத்தனை நாளான்னு கேக்கவே இல்ல, எப்ப வரேன்னுதான் கேட்டான்.