ஐஜிபி என்று போட்டிருந்தால் மட்டமான ஒயினா? ஒரு தோமாஸ் கஸ்ஸாக் பாட்டிலை முன்வைத்து

மான்பெல்லியேயில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரின் கேள்வி, சுருக்கமாக: “வேலை மாறும்போது என் மேலாளர் இரண்டு பாட்டில் பரிசாகக் கொடுத்தார். இரண்டும் மாஸ் த தோமாஸ் கஸ்ஸாக். சிவப்பு 2019, வெள்ளை 2022. லேபிளில் ஏஓசி இல்லை, ஐஜிபி என்றுதான் இருக்கிறது. கூட வேலை பார்ப்பவர் ‘ஐஜிபி என்றால் இரண்டாம் தரம், கறியில் ஊற்று’ என்று சிரிக்கிறார். நிஜமா? உள்ளே என்ன திராட்சை? இப்போதே திறக்கலாமா, வைத்திருக்கலாமா? எங்கள் வீட்டுக் காரச் சாப்பாட்டோடு போகுமா?”

முதலில், தயவுசெய்து கறியில் ஊற்றிவிடாதீர்கள். உங்கள் மேலாளர் நல்ல ரசனைக்காரர், கொஞ்சம் செலவும் செய்திருக்கிறார்.

ஏஓசி, ஐஜிபி இரண்டும் ஒயின் எந்த ஊருடையது என்று சொல்லும் பிரான்ஸின் சட்டப்பூர்வ முத்திரைகள்; ஏஓசிக்கு விதி கறார், ஐஜிபிக்குத் தளர்வு. ஏஓசி என்பது தரத்துக்குப் போடும் மதிப்பெண் அல்ல. இந்த எல்லைக்குள், இந்த ரகத் திராட்சைகளை, ஏக்கருக்கு இவ்வளவுக்கு மேல் விளைவிக்காமல் செய்தால்தான் இந்தப் பெயரைப் போடலாம் என்கிற விதிகளின் தொகுப்பு, அவ்வளவுதான். உங்கள் ஊர் இருக்கிற தெற்கு பிரான்ஸின் லாங்குடோக்கில், இந்தப் பண்ணைப் பக்கத்துச் சிவப்பு ஏஓசிகளில் அனுமதி பெற்ற முக்கியமான ரகங்கள் கிரெனாஷ், சீரா, மூர்வேத்ர, காரினியான், சான்ஸோ. பட்டியலில் கபர்னே சொவிஞோன் கிடையாது, அது பிரான்ஸின் தென்மேற்கில் இருக்கிற பெயர்பெற்ற ஒயின் பகுதியான போர்தோவின் ரகம். உங்கள் சிவப்பு பாட்டிலிலோ முக்கால் பங்குக்குக் கிட்டத்தட்ட கபர்னே சொவிஞோன்தான். அப்படியென்றால் அந்த ஒயின் எவ்வளவு நன்றாக இருந்தாலும் ஏஓசி கிடைக்க வழியே இல்லை. முன்பு அதை ‘வேன் த பெயி த லெரோ’, அதாவது எரோ மாவட்டத்து நாட்டு ஒயின், என்று விற்றார்கள். 2009-இல் ஐரோப்பிய விதிகள் மாறியபோது அந்த வகை முழுவதும் ஐஜிபி ஆனது. இப்போது லேபிளில் ‘சேன் கிலெம் ல தெசேர், சித்தே தனியான்’ என்ற ஐஜிபி பெயர் இருக்கும், உங்களுடையதிலும் பாருங்கள்.

அதற்காக ஐஜிபி எல்லாமே ஒளிந்திருக்கும் புதையல் என்று நினைத்துவிடவும் வேண்டாம். சூப்பர் மார்க்கெட்டில் நாலு யூரோவுக்கு அடுக்கி வைத்திருக்கும் ஐஜிபி பெயி தோக் பாட்டிலும் இதே வகையில்தான் வருகிறது. வலை அவ்வளவு அகலம். அதனால் ஐஜிபியில் பார்க்க வேண்டியது பண்ணையின் பெயரை, தயாரிப்பாளரை. ப்ரோவான்ஸில் த்ரெவால்லோன் பண்ணைக்கும் இதே கதைதான்: கபர்னேயும் சீராவும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி போடுகிறார்கள், அங்குள்ள ஏஓசி விதி கபர்னேயை அந்த அளவுக்கு விடுவதில்லை, அதனால் அவர்களும் ஐஜிபி. விலையைப் பார்த்தால் பக்கத்து ஏஓசிகளுக்கே மூச்சு முட்டும்.

சரி, போர்தோ திராட்சை ஏன் இந்தப் பண்ணை இருக்கும் அனியான் ஊருக்கு வந்தது? பண்ணையைத் தொடங்கிய எமே கிபேர் மியோ ஊர்க்காரர், தோல் கையுறை செய்யும் குடும்பத்து ஆள். அவரும் மனைவி வெரோனிக்கும் 1970-களின் தொடக்கத்தில் கஸ்ஸாக் ஓடையோரமாக தோமாஸ் குடும்பத்திடமிருந்து இந்தப் பழைய பண்ணை வீட்டை வாங்கினார்கள். ஒயின் அப்போது மனதிலேயே இல்லை. போர்தோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆன்ரி ஆன்ஜால்பேர், நிலவியல் தெரிந்தவர், அங்கே வந்து மண்ணைப் பார்த்தார். பனியுகத்தில் காற்று கொண்டுவந்து குவித்த பொடியான செம்மண், ஆழமாக, நீர் நிற்காமல் வடியும் மண். இது பெரிய ஒயினுக்கான மண் என்று அவர் சொன்னதுதான் ஆரம்பம். மண்ணோடு இன்னொன்றும் உண்டு: வடக்கே இருக்கிற லார்ஸாக் பீடபூமியிலிருந்து இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்குக்குள் இறங்குகிறது. பகல் வெயில் எவ்வளவு அடித்தாலும் ராத்திரி பழம் ஆறிவிடுவதால் புளிப்பு தங்குகிறது, பழுக்க நாளும் கூடுதலாக எடுக்கிறது. தடித்த தோலும் சின்னப் பழமும் உள்ள, நிதானமாகப் பழுக்கிற கபர்னேக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? அவர்கள் நட்டதும் நாற்றுப்பண்ணைக் குளோன்கள் அல்ல, பழைய கொடிகளிலிருந்து எடுத்த குச்சிகள். தோட்டமும் ஒரே பரப்பாகக் கிடக்காது, தைம், ரோஸ்மேரி மண்டிய புதர்க்காட்டுக்கு நடுவே துண்டு துண்டாக இருக்கும்.

முதல் சிவப்பு 1978. அதற்கு ஆலோசனை சொன்னவர் எமீல் பெய்னோ, அந்தக் காலத்து போர்தோவின் மிகப் பெரிய ஒயின் நிபுணர். இந்த மாதிரி பெயர் தெரியாத இடத்துக்கு அவர் சம்மதித்ததே ஆச்சரியம். 1982-இல் கோ-மியோ என்ற பிரெஞ்சு உணவு விமர்சன இதழ் இதை லாங்குடோக்கின் லாஃபீத் என்று, அதாவது போர்தோவின் புகழ்பெற்ற ஒயின் பண்ணைக்கு ஈடாக, எழுதியது. கொஞ்சம் மிகைதான் என்பது என் கருத்து, ஆனால் அந்த ஒரு வரி பண்ணையின் தலையெழுத்தை மாற்றியது. கிபேர் 2016-இல் காலமானார்; இப்போது மகன்கள் நடத்துகிறார்கள்.

இனி உங்கள் பாட்டில்கள். சிவப்பில் கபர்னே போக மிச்ச கால் பங்கில் மெர்லோ, கபர்னே ஃப்ரான், தன்னா, மால்பெக், பினோ நுவார் என்று ஒரு கூட்டமே இருக்கும், நெபியோலோ போன்ற இத்தாலிய ரகங்கள்கூட உண்டு. ஒவ்வொன்றும் துளித்துளி, தனியாக அடையாளம் கண்டுபிடிக்க முயல வேண்டாம். தெற்கத்தி ஒயின் என்றதும் ஜாம் மாதிரி கொழகொழவென்று, தலையைத் தூக்கி அடிக்கும் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். இது ஒல்லியாக, நிமிர்ந்து நிற்கிற ஒயின். இளசாக இருக்கும்போது கடுந்தேநீர் குடித்தது போல நாக்கில் துவர்ப்பு பிடிக்கும். 2019 ஜூன் 28 அன்று உங்கள் எரோ மாவட்டத்திலேயே 46 டிகிரி பதிவானது, அந்தப் பகுதியில் பல தோட்டங்களில் கொடிகள் கருகின. ஆனாலும் அந்த வருடத்துச் சிவப்புகளை மோசம் என்று சொல்ல முடியாது, பழச்சுவை நன்றாகவே இருக்கிறது.

நல்ல வருடத்துச் சிவப்பு பதினைந்து, இருபது வருடம் தாங்கும். ஆனால் ஒயின் தாங்கினால் மட்டும் போதாது, வைக்கத் தோதான இடமும் வேண்டும். மான்பெல்லியே மாடி வீட்டில் கோடையில் அறையே 30 டிகிரி என்றால், சமையலறை அலமாரியில் பத்து வருடம் வைப்பது ஒயினை வேகவைப்பதுதான். 12-14 டிகிரியில் இருட்டாக ஓரிடம், நண்பர் வீட்டு நிலவறையோ ஒயின் அலமாரியோ கிடைத்தால் படுக்க வைத்து வையுங்கள். இல்லையென்றால் யோசிக்காமல் வரும் குளிர்காலத்தில் திறந்துவிடுங்கள். முந்தின நாளே நிமிர்த்தி வைத்து, குடிப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்னால் டிகான்டரில் ஊற்றுங்கள். டிகான்டர் இல்லையா, சுத்தமான கண்ணாடிக் கூஜா போதும். ‘அறை வெப்பநிலை’ என்று யாராவது சொன்னால் அது பழைய கல் வீட்டு அறை. 17 டிகிரி சரியாக இருக்கும், அதாவது கோடையில் ஃபிரிட்ஜில் அரை மணி நேரம்.

வெள்ளைதான் எனக்குச் சுவாரசியம். முதல் வெள்ளை 1986-இல் வந்தது. வியோனியே, ஷார்தோனே, பெத்தி மான்ஸான் மூன்றும் ஏறக்குறைய சம பங்கு, அப்புறம் கொஞ்சம் ஷெனான், இன்னும் சில ரகங்கள் சிட்டிகை அளவில். ஆப்ரிகாட் வாசனை வியோனியேயிலிருந்து வருகிறது. வியோனியே தனியாக இருந்தால் புளிப்பில்லாமல் தொய்ந்துபோகும், அதைத் தூக்கி நிறுத்துவது பிரான்ஸின் தென்மேற்கு மூலையைச் சேர்ந்த பெத்தி மான்ஸான், கடும் புளிப்புக்காரன். பிரான்ஸில் வேறு எந்த மூலையிலும் இந்தக் கலவையை நான் பார்த்ததில்லை. 2022-ஐ வைத்திருக்காதீர்கள், அந்தப் பூ வாசனை இருக்கும்போதே குடித்துவிடுவது நல்லது. 10-12 டிகிரி போதும், அதற்குக் கீழே போனால் வாசனை மூடிக்கொள்ளும்.

காரம்? பச்சையாகச் சொன்னால் சிவப்பு ஒயினும் மிளகாயும் சண்டைக்காரர்கள். ஆல்கஹால் எரிச்சலைக் கூட்டும், காரமோ டானின் என்ற துவர்ப்புப் பொருளின் துவர்ப்பைக் கசப்பாக்கும். சிவப்பை ரோஸ்மேரி போட்டுச் சுட்ட ஆட்டுக்கறியோடு வையுங்கள், மிளகாயைக் குறைத்து நெய்யில் வறுத்த மிளகுக் கறி என்றால்கூடச் சமாளிக்கும். வெள்ளையைத் தேங்காய்ப்பால் மீன் குழம்பு, இறால், சொதி, இவற்றோடு தைரியமாக ஊற்றலாம். வத்தக்குழம்பு அன்று இரண்டையும் விட்டுவிட்டு மோர் குடிப்பதே மேல்.

மிச்சமானால் கார்க்கை அடைத்து ஃபிரிட்ஜில் வையுங்கள், சிவப்பும்கூட. இரண்டு மூன்று நாள் நன்றாக இருக்கும்; சிவப்பு பல சமயம் மறுநாள்தான் இளகி வருகிறது.

ஒரு விஷயம் மட்டும் கவனம்: அடுத்த முறை நீங்களே வாங்கும்போது ‘மூலான் த கஸ்ஸாக்’ என்ற பெயரைப் பார்த்து அதே ஒயின் பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று துள்ள வேண்டாம். அதே குடும்பத்தின் வரிசைதான், ஆனால் பழம் பெரும்பாலும் மற்ற விவசாயிகளுடையது, உடனே குடிப்பதற்கென்று செய்தது. அன்றாடத்துக்கு நல்ல ஒயின், குறிப்பாக அவர்களுடைய பிக்பூல் த பினே என்ற வெள்ளை. உங்களிடம் இருக்கிற மாஸ் த தோமாஸ் கஸ்ஸாக்கையே வாங்குவதென்றால் அனியான் உங்களுக்குக் காரில் ஒரு மணி நேரத்துக்குள்தான். பண்ணையிலேயே சுவைத்துப் பார்க்கலாம், முன்கூட்டியே நேரம் கேட்டுக்கொண்டு போங்கள், அறுவடை மாதமான செப்டம்பரைத் தவிர்த்துவிட்டு.