இப்போது எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்? ஒலிப்பதிவுகள் பற்றிக் கேள்வி பதில்

மேற்கத்திய சாஸ்திரீய இசையின் ஒலிப்பதிவுகளைப் பற்றி நண்பர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கு என் பதில்களும் கீழே. வாத்தியம் வாசிப்பவன் அல்ல நான். நீண்ட காலமாகக் கேட்டுவருபவன். அந்த அனுபவத்திலிருந்துதான் சொல்கிறேன்.

ஐயா, இந்த வாரம் உங்கள் காதில் ஓடிக்கொண்டிருப்பது எது?

ஆஸ்திரிய இசையமைப்பாளர் ஷூபர்ட்டின் சி மேஜர் ஸ்டிரிங் குவின்டெட், அதாவது ஐந்து தந்தி வாத்தியங்களுக்கான படைப்பு. இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலா ஒன்று, கனத்த குரலுள்ள செல்லோ இரண்டு. 1828இல், தமது 31ஆம் வயதில், இறப்பதற்குச் சில வாரங்களுக்கு முன்பு எழுதி முடித்தார். முதல் பொது அரங்கேற்றம் 1850இல்தான். தாம் எழுதியதை அவர் மேடையில் கேட்கவே இல்லை.

நான் கேட்பது 1952இல் பிரான்சின் பிராட் நகரில் பதிவானது. பாப்லோ கசால்ஸ், பால் தொர்த்தெலியே இருவரும் செல்லோ. ஐசக் ஸ்டெர்ன் முதல் வயலின். இரண்டாம் பகுதியான அடாஜியோவை, அதாவது மெதுவான பகுதியைத்தான் தினமும் இரவு போட்டுக்கொள்கிறேன். நடுவில் உள்ள மூன்று வாத்தியங்கள் மூச்சுவிடுவதுபோல் ஒரு நீண்ட மெட்டை நகர்த்துகின்றன. மேலே முதல் வயலின் இரண்டு மூன்று ஸ்வரங்களை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறது. கீழே இரண்டாம் செல்லோ வில்லைத் தொடாமல் விரலால் மீட்டுகிறது. திடீரென்று புயல்போல் ஒரு நடுப்பகுதி. அது அடங்கியபின் பழைய மெட்டு திரும்புகிறது. ஆனால் கீழே இருக்கும் செல்லோவால் பழையபடி அமைதியாக இருக்க முடியவில்லை, ஓடிக்கொண்டே இருக்கிறது. நடந்ததை அது மறக்கவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

நான் புதியவன். எங்கே தொடங்குவது? சிம்பொனி என்றால் எதைப் பிடித்துக்கொள்வது என்றே தெரியவில்லை.

முழு ஆர்கெஸ்ட்ராவும் வாசிக்கும் சிம்பொனியில் தொடங்காதீர்கள். ஒரு தனி வாத்தியத்தின் குரல் முன்னால் நிற்கும் படைப்பை (கான்செர்டோ என்பார்கள்) எடுத்துக்கொள்ளுங்கள். காது அதைப் பிடித்துக்கொண்டு நடக்கும். ஆங்கிலேய இசையமைப்பாளர் எல்கரின் செல்லோ கான்செர்டோ நல்ல வாசல். அரை மணி நேரம்தான். ஜாக்லீன் டு ப்ரே 1965இல் தமது இருபதாம் வயதில் லண்டன் சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவுடன் வாசித்த பதிவைத் தேடுங்கள். முதல் நொடியிலேயே செல்லோ தனியாக, தந்திகளை ஒருசேர இழுத்து, கனத்த குரலில் பேசத் தொடங்கிவிடும். இசை நடத்தியவர் ஜான் பார்பிரோலி. ஒத்திகைக்குப் போதிய நேரம் கிடைக்காமல் இந்தப் படைப்பு சோபிக்காமல் போன 1919 அரங்கேற்றத்தில், அவரே ஆர்கெஸ்ட்ராவின் செல்லோ வரிசையில் உட்கார்ந்து வாசித்தவர். அடுத்த வாரம் வேறு படைப்புக்குத் தாவ வேண்டாம். இதையே பத்து முறை கேளுங்கள். பிறகு இதே படைப்பை வேறொருவர் வாசிக்கக் கேளுங்கள். பாதிப் பாடம் அங்கே முடிந்துவிடும்.

பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸை பியானோ கலைஞர் கிளென் கூல்ட் இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். எதை வாங்குவது? அவர் கூடவே முனகுவது எனக்கு இடைஞ்சலாக இருக்கிறது.

இரண்டையும்தான். 1955இல் 22 வயது இளைஞராக நியூயார்க்கில், முன்பு தேவாலயமாக இருந்த ஒரு ஸ்டூடியோவில் முதல் பதிவைச் செய்தார். ஆரியா என்ற தொடக்கப் பகுதி, அதன் அடிப்படையில் அமைந்த முப்பது வேரியேஷன்கள், மீண்டும் ஆரியா, எல்லாம் 39 நிமிடத்துக்குள் முடிந்துவிடும். 1981இல் அதே ஸ்டூடியோவுக்குத் திரும்பினார். இம்முறை 51 நிமிடம். அந்தத் தட்டு வெளிவந்த சில வாரங்களிலேயே, 1982 அக்டோபரில், காலமானார்.

ஆரியாவை மட்டும் எடுத்து அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிடுகிறது. இரண்டாவதில் மூன்று நிமிடம் தாண்டுகிறது. ஒவ்வொரு ஸ்வரத்தையும் கையில் எடுத்துப் பார்த்துவிட்டுக் கீழே வைப்பதுபோல் இருக்கும். சில இடங்களில் பாக் எழுதிய மறுமுறைகளையும் சேர்த்து வாசித்தார் என்பதால் மட்டும் நேரம் கூடவில்லை. ஒரு வேரியேஷனுக்கும் அடுத்ததற்கும் காலப்பிரமாணத்தில் உறவு இருக்க வேண்டும் என்று பிற்காலத்தில் தீர்மானித்துவிட்டார். தாளம் போட்டுக்கொண்டே கேட்டால், வேகம் மாறினாலும் அடியில் ஓடும் துடிப்பு தொடர்வது தெரியும். இளமைப் பதிவில் துள்ளல் உண்டு, இந்தக் கட்டுக்கோப்பு கிடையாது. ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொன்னால் 1981ஐ வைத்துக்கொள்வேன்.

முனகலைப் பற்றி: சங்கதி போடும்போது பாடகரின் கை தானாக எழுகிறதல்லவா, அதுபோல எடுத்துக்கொள்ளுங்கள். உற்றுக் கேட்டால், அவர் பெரும்பாலும் மேல்மெட்டைப் பாடாமல் உள்ளே ஒளிந்திருக்கும் ஒரு குரலைப் பாடுவது புரியும். எனக்கு அது வழிகாட்டியாகவே ஆகிவிட்டது.

பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனிக்கு ஒரே ஒரு பதிவைச் சொல்லுங்கள், சார்.

கார்லோஸ் கிளைபர் நடத்திய வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ரா, 1974.

கேட்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். எல்லோருக்கும் தெரிந்த அந்த "த த த தாம்" தாளத்தின் முதல் தட்டில் தொடங்குவதில்லை. முதல் கால் பங்கு மௌனம். அதைத் தள்ளித்தான் எடுப்பு. நம் ஊரில் அனாகத எடுப்பு என்போம். இசை நடத்துநரின் கை விழும் இடத்தில் ஒலி இல்லை. மறுகணம் தந்தி வாத்தியங்களும் கிளாரினெட்டுகளும் ஒன்றாகப் பாய வேண்டும். கிளைபர் பதிவில் அந்த மௌனத்தின் முறுக்கு காதில் விழுகிறது.

பழைய பதிவுகளில் இரைச்சல்தான் அதிகம். இன்று தெளிவான பதிவுகள் எத்தனையோ இருக்க, ஏன் அவற்றைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்?

உங்கள் கேள்வி நியாயமானது. பழையது என்பதற்காக எதையும் நான் சிபாரிசு செய்வதில்லை. ஆனால் சில பதிவுகளுக்கு மாற்றே கிடையாது.

இசையமைப்பாளர் மாலரின் "பூமியின் பாடல்" அப்படி ஒன்று. சீனக் கவிதைகளின் ஜெர்மன் ஆக்கங்களுக்கு அவர் இசையமைத்தது. 1911 மே மாதம் மாலர் இறந்தார். அதே ஆண்டு நவம்பரில் மியூனிக்கில் அவருடைய சீடர் புரூனோ வால்ட்டர்தான் இதை அரங்கேற்றினார். 1952இல் அதே வால்ட்டர் வியன்னா ஃபில்ஹார்மோனிக்கை வைத்து ஒலிப்பதிவு செய்தபோது பாடியவர் காத்லீன் ஃபெரியர். ஒருகாலத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தவர். பதிவின்போது புற்றுநோயால் வாடிக்கொண்டிருந்தார். மறு ஆண்டு அக்டோபரில், 41 வயதில், போய்விட்டார்.

கடைசிப் பாடலான "விடைபெறுதல்" மட்டுமே ஏறக்குறைய அரை மணி நேரம். முடிவில் "என்றென்றும்" என்று பொருள்படும் "ஏவிஷ்" என்ற சொல் திரும்பத் திரும்ப வருகிறது, ஒவ்வொரு முறையும் இன்னும் மெல்ல. பின்னால் மாண்டலினும் ஹார்ப்பும் மணிபோல் ஒலிக்கும் செலஸ்டாவும் நீர்த்துளிபோல் சொட்டுகின்றன. கடைசி ஸ்வரக்கூட்டை மாலர் முழுமையாகச் சமத்தில் கொண்டு வந்து நிறுத்தவில்லை. ஸ, க, ப மூன்றோடு தைவதத்தையும் மேலே மிதக்க விட்டுவிட்டார். பாட்டு முடிந்ததா, காதுக்கு எட்டாத தூரத்துக்குப் போய்விட்டதா என்று சொல்ல முடியாது. 1947இல் எடின்பரோவில் இதே வால்ட்டருடன் மேடையில் பாடியபோது, அந்தக் கடைசிச் சொற்களை அழுகையினால் ஃபெரியரால் பாடி முடிக்க இயலவில்லை. 1952 பதிவில் பாடி முடிக்கிறார். குரல் உடையவில்லை. மோனோ பதிவுதான், பின்னணியில் இரைச்சலும் உண்டு. அந்தச் சொல் வரும்போது எனக்கு இரைச்சல் கேட்பதில்லை.

ஒரு நடைமுறை யோசனை. பழைய பதிவை வாங்கும்போது இரைச்சலைச் சுத்தமாகத் துடைத்தெடுத்த பிரதியைத் தவிர்த்துவிடுங்கள். இரைச்சலும் வயலினின் மேல்நாதங்களும் ஒரே இடத்தில்தான் குடியிருக்கின்றன. அளவு மீறி ஒன்றைத் துரத்தினால் மற்றதும் கூடப் போய்விடும். கொஞ்சம் சீறினாலும் வாத்தியத்துக்கு உயிர் இருக்கும் பிரதியே நல்லது.

கே., டி., பி.டபிள்யூ.வி. என்று பெயருக்குப் பின்னால் வரும் எண்கள் என்ன?

பட்டியல் எண்கள். மொசார்ட்டுக்கு கோஷல் 1862இல் போட்டது கே.; பாக்குக்கு ஷ்மீடர் 1950இல் போட்டது பி.டபிள்யூ.வி.; ஷூபர்ட்டுக்கு டாய்ச் 1951இல் போட்டது டி. மேலே சொன்ன குவின்டெட் டி. 956. ஓபஸ் (படைப்பு) எண் என்று இன்னொன்று உண்டு; அது பெரும்பாலும் அச்சேறிய வரிசை என்பதால், அதை வைத்து எழுதிய காலத்தைக் கணக்கிடாதீர்கள். பீத்தோவனின் "இரண்டாம்" பியானோ கான்செர்டோ "முதலாவதற்கு" முன்பே எழுதத் தொடங்கியது.

பழங்கால வாத்தியங்களில் வாசித்த பாக் பதிவு ஒன்று சுருதி இறங்கிக் கேட்கிறது. பதிவில் கோளாறா?

கோளாறு இல்லை. இன்றைய பொதுச் சுருதியில் ஏ ஸ்வரம் நொடிக்கு 440 அதிர்வு. பாக் காலத்து இசையான பரோக்கை அக்கால முறையில் வாசிப்பவர்கள் பொதுவாக 415 வைத்துக்கொள்கிறார்கள். ஏறக்குறைய அரை ஸ்வரம் கீழே. தந்திகளும் உலோகம் அல்ல, ஆட்டுக்குடலில் முறுக்கியவை. நாதம் சற்றுச் சொரசொரப்பாக, பேச்சுக்கு நெருக்கமாக இருக்கும். இசை நடத்துநர்கள் ஹார்னோன்கூர்ட்டும் லியோன்ஹார்ட்டும் பாக்கின் கன்டாட்டாக்கள் எனும் தேவாலயப் பாடல் படைப்புகளை 1971இல் தொடங்கி 1989வரை இந்த வழியில் வெளியிட்டார்கள். முதலில் எனக்கும் ஒட்டவில்லை. இப்போது பாக்குக்கு இதைத்தான் முதலில் தேடுகிறேன்.

ஒலியைக் கூட்டினால் திடீரென்று அலறுகிறது, குறைத்தால் தொடக்கமே கேட்பதில்லை.

தொடக்கத்தை வைத்து ஒலியளவைத் தீர்மானிக்காதீர்கள். உச்சமான இடத்தை முதலில் போட்டு, அது தாங்கும் அளவுக்கு வைத்துக்கொண்டு, பிறகு முதலிலிருந்து கேளுங்கள். மெல்லிய பகுதிகளுக்குக் காது தானாகக் கூர்மையாகிவிடும்.

உங்களால் அடிக்கடி கேட்க முடியாத பதிவு என்று ஏதாவது இருக்கிறதா?

இருக்கிறது. ருமேனியப் பியானோ கலைஞர் டினு லிபாட்டியின் கடைசிக் கச்சேரி. 1950 செப்டம்பர் 16, பிரான்சின் பெசான்சோன் நகரம். கடும் நோயில் இருந்தார், வயது 33. வேண்டாம் என்று தடுத்தும் கேளாமல் மேடையேறினார். பாக், மொசார்ட், ஷூபர்ட் முடிந்து ஷோபேனின் 14 வால்ட்ஸ்கள் (நடன மெட்டுகள்) என்பது நிகழ்ச்சி நிரல். அந்தப் பதினான்கையும் அதே கோடையில், ஜூலை மாதம், ஜெனீவாவில் ஒலிப்பதிவு செய்து கொடுத்துவிட்டிருந்தார். அது முழுமையாகக் கிடைக்கிறது. விரல்களில் நோயின் சுவடே தெரியாது. முதலில் அதைக் கேளுங்கள்.

பிறகு பெசான்சோன் பதிவைக் கேளுங்கள். வால்ட்ஸ்களைத் தமக்குப் பிடித்த வரிசையில் அமைத்து, இரண்டாம் எண்ணைக் கடைசியில் வைத்திருந்தார். மற்றவை ஒவ்வொன்றாக வருகின்றன. வேகத்தில் குறைவில்லை, சில இடங்களில் ஜெனீவாவைவிடத் துணிச்சல். பதின்மூன்றாவது முடிகிறது. அடுத்ததை வாசிக்க அவருக்குத் தெம்பு இல்லை. டிசம்பர் 2ஆம் தேதி இறந்தார். நான் அந்தத் தட்டைக் கேட்கும் நாட்களில், அது நின்றபிறகு ஜெனீவா பதிவை எடுத்து, அந்த இரண்டாம் எண் வால்ட்ஸை மட்டும் போடுகிறேன்.