கேசட் அண்ணாச்சி பதில்கள்

(1985 முதல் 2003 வரை பாளையங்கோட்டையில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கும் கடை நடத்தியவர், இந்த இதழில் வாசகர்களின் இசைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.)

நாங்க நாலு பேர் சேர்ந்து பேண்ட் ஆரம்பிச்சிருக்கோம். சினிமாப் பாட்டு கிடையாது, எல்லாம் சொந்தப் பாட்டு. ரெண்டு பாட்டு அனுப்பியிருக்கோம். கேட்டுட்டு உள்ளதைச் சொல்லுங்க அண்ணாச்சி. பேண்டுக்குத் தமிழ்ப் பேர் வைக்கலாமா, இங்கிலீஷ் பேர் வைக்கலாமா?
– கல்லூரி மாணவர், வண்ணார்பேட்டை

கேட்டேன் தம்பி. முதல் தடவை ஃபோனில் கேட்டேன், அது கணக்கில் சேராது. அப்புறம் என் பழைய ஆம்ப்ளிஃபையரில் மாட்டி, மின்விசிறியை நிறுத்திவிட்டு இரண்டு தடவை கேட்டேன். கிட்டார்காரர் கை சுத்தம். சர்ச்சில் பழகிய கை என்று நினைக்கிறேன். நம்ம பாளையங்கோட்டைப் பிள்ளைகள் பலருக்கு கிட்டாரும் கீபோர்டும் முதலில் கையில் கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில்தானே? டிரம்ஸ் தம்பி மட்டும் தனக்கும் இரண்டு காது இருப்பதை நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

எனக்கு வழக்கு பாடுகிறவரோடுதான். 'ழ' வருகிற இடமெல்லாம் விழுங்குகிறார். 'த' வந்தால் நாக்கைச் சுழற்றுகிறார். வண்ணார்பேட்டைப் பிள்ளை அமெரிக்காவில் வழி தெரியாமல் நிற்கிற மாதிரி இருக்கிறது. அதே தம்பி பாட்டுக்கு முன்னால், 'எல்லாரும் கேட்டுட்டுச் சொல்லுங்க, என்ன?' என்று ஒரு இழுப்பு இழுத்தார் பாருங்கள், அந்த 'என்ன'வில் இருந்த ராகம் அடுத்த நாலு நிமிஷத்தில் எங்கேயும் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம் திருவனந்தபுரத்தில் அவியல் என்று ஒரு பேண்ட், 2003-இல் தொடங்கியது. கிட்டாரும் டிரம்ஸும் முழு ராக்தான். ஆனால் வாயைத் திறந்தால் நாட்டு மலையாளம். எனக்குப் பாதி வார்த்தை புரியாது. இருந்தாலும் எந்த ஊர்க்காரன் பாடுகிறான் என்பது புரியும். அதே 2003-இல் பெங்களூருவில் சாஃப்ட்வேர் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து ஆரம்பித்தது அகம். கர்நாடகக் கீர்த்தனையை ராக் மேடையில் ஏற்றினார்கள். சன் டிவியின் 'ஊ லலலா' போட்டியில் ஏ.ஆர். ரஹ்மான் கண்ணில் பட்டுத்தான் வெளியே தெரிந்தார்கள். சென்னையில் 2018 ஜனவரியில் முதல் மேடை ஏறிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், கானாவையும் பறையையும் ராப்பையும் ஒரே கயிற்றில் கட்டியது. பெயர் இங்கிலீஷ்தான், ஆனால் எடுத்தது சாதி எதிர்ப்புச் சிந்தனையாளர் அயோத்திதாசரிடமிருந்து. இந்த மூன்று பேரில் யாரும் வாயை வாடகைக்கு எடுக்கவில்லை.

எனவே பெயர் எந்த மொழியில் இருந்தாலும் சரி. அல்வா என்று மட்டும் வைத்துவிடாதீர்கள்.

டிவி பாட்டுப் போட்டிகளில் குழந்தைகளை அழ வைக்கிறார்கள். என் மாணவி ஒருத்தி நன்றாகப் பாடுவாள், அனுப்பலாமா என்று அவள் அம்மா கேட்கிறார். நீங்கள் அந்த நிகழ்ச்சிகளைப் பார்ப்பதுண்டா?
– ஆசிரியை, தென்காசி

பார்ப்பேன் டீச்சர். பொய் சொல்வானேன்? 2006-இல் விஜய் டிவியில் சூப்பர் சிங்கர் தொடங்கிய நாள் முதல் பார்க்கிறேன். பாடும்போது சத்தத்தைக் கூட்டுவேன், முடிவு சொல்லும்போது சத்தத்தை முழுக்கக் குறைத்துவிடுவேன். அழுகைக்கென்று ஒரு வயலின் வைத்திருக்கிறார்கள். எந்தப் பிள்ளை அழுதாலும் அதே வயலின்தான். அது கேட்டால் எனக்கு டீ இறங்காது.

முன்பு டிவியில் ஏ.வி. ரமணன் சப்தஸ்வரங்கள் என்று ஒரு பாட்டு நிகழ்ச்சி நடத்தினார். பாடுகிறவர் வந்து நிற்பார், பாடுவார், இரண்டு வார்த்தை கேட்டுக்கொண்டு போவார். அவர் வீட்டு ஓட்டில் எத்தனை ஓட்டை என்று நமக்குக் காட்ட மாட்டார்கள். இப்போது ஓட்டையை முதலில் காட்டிவிட்டுத்தான் பாட விடுகிறார்கள். ஆனால் ஒன்று: 2018-இல் செந்தில் கணேஷ் பட்டம் வென்றபோது நானும் சத்தத்தைக் குறைக்கவில்லை. கிராமத்துப் பாட்டை மட்டுமே நம்பி வந்தவரை அந்த மேடையும் ஏற்றுக்கொண்டது என்பதை மறைக்கக் கூடாது.

அந்தப் பிள்ளையை அனுப்பலாம். எனக்குள்ள பயம் கண்ணீரில் இல்லை. 'அந்த இடத்துல ஒரிஜினல் மாதிரியே வந்துச்சு' என்று நடுவர்கள் பாராட்டுகிறார்களே, அதில்தான். நகல் எடுத்தே பதினெட்டு வருஷம் சோறு தின்றவன் நான். நகலுக்கு என்ன விலை என்று எனக்குத் தெரியும்.

உங்கள் ஊரில் கேபிளில் மலையாளச் சேனல்கள் கிடைக்குமே. முன்பு கப்பா டிவியில் மியூசிக் மோஜோ என்று ஒரு நிகழ்ச்சி வந்தது. தைக்குடம் பிரிட்ஜ் என்ற பேண்ட் அங்கேதான் 2013-இல் வெளிச்சத்துக்கு வந்தது. மதிப்பெண்ணும் கிடையாது, நடுவரும் கிடையாது. வாசிக்கிறவர்களை நிற்க வைத்து வாசிக்க விட்டார்கள், அவ்வளவுதான். தமிழில் அப்படி ஒரு நிகழ்ச்சி வாரா வாரம் வந்தால், நான் ரிமோட்டைத் தாமிரபரணியில் போட்டுவிடுவேன்.

இளையராஜாவா, ரஹ்மானா?
– வாசகர், மேலப்பாளையம்

1992-இல் இந்தக் கேள்வியால் என் கடையில் ஒரு ஸ்டூல் உடைந்தது. இன்னொன்று வாங்க எனக்கு இப்போது வசதியில்லை.

சினிமா சாராத தமிழ்ப் பாட்டு என்பதே இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது என்கிறான் என் மகன். உண்மையா?
– ஓய்வு பெற்ற தபால்காரர், உவரி

உவரியில் இருந்துகொண்டா ஐயா இதைக் கேட்கிறீர்கள்? உங்கள் வீட்டு வாசலில் நின்றால் கடல். அந்தக் கடலுக்கு மேலேதான் இலங்கை வானொலி வந்தது. மீடியம் வேவ் உப்புத் தண்ணீர் மேல் வழுக்கிக்கொண்டு வரும். தரையில் வந்தால் களைத்துப்போகும். அதனால்தான் உவரியிலும் கூடங்குளத்திலும் பக்கத்து வீட்டில் பேசுவது மாதிரிக் கேட்ட இலங்கை, மேற்கே போகப் போக இரைச்சலானது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது – இந்தக் குரல்களைக் கேட்டுத்தான் நான் தமிழே சரியாகப் பேசக் கற்றேன் என்றால் என் வாத்தியார் கோபித்துக்கொள்வார்.

அந்த வழியாக வந்ததுதான் பொப் பாட்டு. அவர்கள் 'பாப்' என்று சொல்ல மாட்டார்கள், 'பொப்'தான். 1960களின் கடைசியில் நித்தி கனகரத்தினம் கிட்டாரை வைத்துக்கொண்டு யாழ்ப்பாணப் பேச்சிலேயே பாடினார். பின்னால் ஏ.ஈ. மனோகரன் பைலா என்கிற இலங்கை ஆட்டத் தாளத்தோடு வந்து தமிழ்நாட்டையே ஆட்டினார். சிலோன் மனோகர் என்றால்தான் நம் ஆட்களுக்குத் தெரியும். படம் இல்லை, கதாநாயகன் இல்லை, வெறும் பாட்டு. கல்யாண வீட்டுக்குக் கேசட் பதிய வருகிறவர்கள் பன்னிரண்டு பாட்டு எழுதிக் கொடுத்தால், அதில் ஒன்று மனோகரனாக இருக்கும். எழுதியவர் தாத்தாவாக இருந்தாலும் சரி, பேரனாக இருந்தாலும் சரி.

மகனிடம் சொல்லுங்கள். 2021-இல் அறிவும் பாடகி தீயும் பாடிய 'எஞ்சாய் எஞ்சாமி' உலகம் சுற்றியபோது நானும் சந்தோஷப்பட்டவன்தான். ஆனால் அந்தச் சாலையில் முதலில் கல் உடைத்தவர்கள் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள்.

பழைய பாட்டு மனதில் நிற்கிறது, புதுப் பாட்டு நிற்கவில்லை. ஏன்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

நிற்கிற பழைய பாட்டை மட்டும் நினைவு வைத்திருக்கிறீர்கள் அம்மா. நான் பதிந்து கொடுத்த குப்பைக்குக் கணக்கே கிடையாது. அறுபது நிமிடக் கேசட்டில் பன்னிரண்டு, பதிமூன்று பாட்டுதான் அடங்கும். அதனால் எழுதிக் கொண்டு வருகிறவர் அடித்து அடித்துத்தான் எழுதுவார். ஒரு பெண் கடை வாசலில் நின்று அரை மணி நேரம் யோசித்து ஒரு பாட்டை அடித்துவிட்டு, தெருமுனை வரை போய், திரும்பி வந்து அதையே மறுபடியும் எழுதினார். அப்படி எழுதிய பாட்டு நிற்காமல் எங்கே போகும்?

நம் மண்ணின் இசைக்காரர் ஒருவரைச் சொல்லுங்கள் என்றால் யாரைச் சொல்வீர்கள்?
– வாசகர், சேரன்மகாதேவி

உங்கள் பக்கத்து ஊர்க்காரரைத்தான். காருகுறிச்சி அருணாசலம். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். 1964-இல் நாற்பது சொச்சம் வயதிலேயே போய்விட்டார். 1962-இல் வந்த 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ். ஜானகியின் குரலோடு அவர் நாதஸ்வரம் போட்டிபோடுகிற பாட்டை எத்தனை கல்யாணத்துக்குப் பதிந்திருப்பேன் என்று தெரியாது. பதிகிற சத்தத்தின் அளவு காட்டும் ஊசி அந்தப் பாட்டில் மட்டும் சிவப்புக்குப் போய்ப் போய் வரும். ஜானகிக்காக ஏற்றினால் நாதஸ்வரம் பிளக்கும், நாதஸ்வரத்துக்காக இறக்கினால் ஜானகி ஒளிந்துகொள்வார். ஒரு கையைத் திருகிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

எங்கள் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் இந்த வருஷம் வில்லுப்பாட்டை நிறுத்திவிட்டு டி.ஜே. வைத்துவிட்டார்கள். வயிறு எரிகிறது.
– வாசகர், நாங்குநேரி

டி.ஜே.காரப் பையனைத் திட்டாதீர்கள். அவனும் கூலிக்கு வந்தவன். வரி பிரித்தவர்கள் யாரோ அவர்களிடம் கேளுங்கள். கொடையில் ஆடுகிற கணியான் கூத்தில் மகுடம் என்கிற தோல் வாத்தியம் இரண்டு உண்டு. ஒன்று உச்சம், இன்னொன்று மந்தம். இடையிடையே தீயில் காட்டித் தோலை இறுக்குவார்கள். அந்த மந்தம் நெஞ்சில் வந்து இடிக்கிற இடம் இருக்கிறதே, டி.ஜே.காரன் எட்டுப் பெட்டி அடுக்கித் தேடுவதும் அதே இடத்தைத்தான்.

வில்லுப்பாட்டைப் பற்றிப் பேச எனக்கு யோக்கியதை இல்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். 1994 என்று நினைவு. முன்னீர்பள்ளம் பக்கத்திலிருந்து ஒருவர் ஐந்து கேசட்டோடு வந்தார். நாலில் புதுப் படப் பாட்டு பதிய வேண்டும். ஐந்தாவது, அவருடைய அப்பா ஊர்க்கொடையில் வில்லடித்துப் பாடியது. அதற்கு ஒரு நகல் வேண்டும். தீபாவளி நேரம். கடையில் கேசட் மலை மாதிரிக் கிடந்தது. கேசட்டின் முதுகில் இரண்டு பல் இருக்கும், தெரியும்தானே? அதை உடைத்துவிட்டால் மேலே பதிய முடியாது. அவர் உடைத்துத்தான் வைத்திருந்தார். நான் என்ன செய்தேன்? பல் உடைந்த கேசட் என்று பார்த்ததும், கடைக்காரப் புத்தி, செல்லோடேப்பை ஒட்டி ஓட்டையை மூடினேன். இரண்டு பக்கமும் படப் பாட்டுகளை அதன் மேல் பதிந்துவிட்டேன்.

அவர் வந்து கடையிலேயே போட்டுக் கேட்டார். பாட்டெல்லாம் முடிந்தபின் அந்தப் பக்கத்தில் கொஞ்சம் டேப் மிச்சமிருந்தது. அதில் குடத்துச் சத்தமும், பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவதும் அரை நிமிஷம் கேட்டது. பிறகு டக்கென்று நின்றது. மறுபக்கத்தைப் போட்டுப் பார்க்கச் சொன்னேன். அதுவும் சினிமாப் பாட்டு. மனிதர் என்னை ஒரு வார்த்தை வையவில்லை. 'பாட்டு நல்லாத்தான் பதிஞ்சிருக்கு அண்ணாச்சி' என்றார். ஐந்து கேசட்டுக்கும் உண்டான காசை மேசையில் வைத்தார். வேண்டாம் என்று கையைப் பிடித்தேன். வைத்துவிட்டுத்தான் போனார்.

படப் பாட்டுகளைக் கேசட்டில் பதிந்து கொடுத்துக் காசு வாங்கினீர்களே, நீங்கள் செய்தது திருட்டுத்தானே?
– பெயர் வெளியிட வேண்டாம், திருநெல்வேலி டவுன்

சட்டப்படி ஆமாம். அன்றைக்கு டவுன் முழுக்க அந்தத் திருட்டுத்தான். நீங்களும் என்னிடம் பதிந்திருப்பீர்கள், அதனால்தான் பெயர் போடவில்லை.

எங்க அம்மா தாலாட்டுப் பாடிய கேசட் ஒன்று பரணில் கிடைத்தது. 1990 வாக்கில் பதிந்தது. உள்ளே வெள்ளையாகப் பூத்திருக்கிறது. அம்மா இப்போது இல்லை. போட்டுக் கேட்கலாமா?
– வாசகி, கடையநல்லூர்

உடனே போட்டுவிடாதீர்கள் அம்மா. அந்த வெள்ளை, பூஞ்சை. பிளேயரில் போட்டால் ஹெட்டிலும் ஒட்டும், டேப்பும் சிக்கி அறுந்துவிடும். முதலில் கேசட்டை இரண்டு நாள் நிழலில், காற்றாட வையுங்கள், வெயிலில் வேண்டாம். மூலையில் திருகாணி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நல்ல காலம்: சின்ன ஸ்க்ரூ டிரைவரால் திறந்து, இரண்டு உருளையையும் அப்படியே தூக்கி, வேறொரு பழைய கேசட்டின் கூட்டுக்குள் வைத்துவிடலாம். ஒட்டிய கூடு என்றால் ஓரத்தில் மெதுவாகக் கீறிப் பிரிக்க வேண்டும். பழகிய கையிடம் கொடுங்கள். பிறகு ஒரு பென்சிலை விட்டு, இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகக் கையாலேயே சுற்றுங்கள். டேப் வெளியே தெரிகிற இடத்தில் உலர்ந்த மெல்லிய துணியை லேசாக வைத்துக்கொண்டு சுற்றினால் பூஞ்சை துணியில் வந்துவிடும். மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள். அவசரம் கூடாது, ஒரு சாயங்காலம் முழுக்க ஆகும்.

பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்துவிட்டுப் போடுங்கள். முதல் தடவை ஓடும்போதே கம்ப்யூட்டரில் ஒயர் மாட்டிப் பதிந்துவிட வேண்டும். இரண்டாவது தடவை ஓடும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

இதற்கெல்லாம் முன்னால், இதைப் படித்த கையோடு, கேசட்டை எடுத்து முதுகைப் பாருங்கள். இரண்டு பல்லும் இருந்தால் உடைத்துவிடுங்கள். ஏற்கெனவே உடைந்திருந்து மேலே யாராவது செல்லோடேப் ஒட்டியிருந்தால், அதைப் பிய்த்து எறியுங்கள்.