“வேற யாரெல்லாம் வர்றாங்க?”

கேள்வி: கோலாலம்பூர் செந்தூலில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறோம். பிள்ளைகள் விளையாடும் திடலில் புதுக் கட்டடம் எழும்பப் போவதாகத் தெரிந்ததும், குடியிருப்பாளர் சங்கம் சார்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே ஒன்றுகூடத் தீர்மானித்தோம். புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் 80 பேர் வருவதாகச் சொன்னார்கள். மறுநாள், “பெர்மிட் இல்லாத கூட்டம், போனால் போலீஸ் பிடிக்கும்” என்று ஒரு செய்தி சுற்றியது. முகநூலில் போட்ட அழைப்பும் காணாமல் போனது. அதோடு குழுவே மௌனம். தகவலை அடைத்தால் மக்கள் இப்படித்தான் பின்வாங்குவார்களா? நாங்கள் என்ன செய்வது?

பதில்: திடல் மீது உங்கள் 80 பேருக்கும் இருந்த அக்கறை ஒரே இரவில் காணாமல் போயிருக்காது. மற்றவர்கள் வருவார்கள் என்ற நம்பிக்கை போய்விட்டது. தகவலை அடைப்பவர்கள் குறிவைப்பது இந்த நம்பிக்கையைத்தான். கேரி கிங் தலைமையிலான ஹார்வர்டு ஆய்வாளர்கள், சீனச் சமூக ஊடகங்களில் எந்தப் பதிவுகள் நீக்கப்படுகின்றன என்று பார்த்து 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். தலைவர்களைக் கடுமையாகத் திட்டிய பதிவுகள் நிறையவே தப்பியிருந்தன. ஆட்களை ஓரிடத்தில் திரட்டக்கூடிய பதிவுகள்தாம் மறைந்தன, அவை அரசை ஆதரித்து எழுதப்பட்டிருந்தாலும்கூட.

இதை ஆய்வு படித்து நான் தெரிந்துகொள்ளவில்லை. 2007 நவம்பர் 25, மலேசிய இந்தியர்களின் உரிமைக்காக ஹிண்ட்ராஃப் இயக்கம் நடத்திய பேரணி. அப்போது புலனம் கிடையாது, குறுஞ்செய்திதான். பேரணிக்கு எதிராக நீதிமன்ற உத்தரவு வந்திருந்தது, கோலாலம்பூருக்கு வரும் சாலைகளில் தடுப்புகள். முந்தின இரவு அத்தை போன் செய்தார். எதற்குப் போகிறாய், பயமில்லையா என்று எதுவும் கேட்கவில்லை. “உங்க பக்கத்துல வேற யாரெல்லாம் வர்றாங்க?” என்றார். நான்கு வீட்டுப் பெயரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், “சரி, கார்ல எனக்கும் ஒரு இடம் வையி” என்றார். மறுநாள் கண்ணீர்ப்புகைக்கு நடுவே ஈரத் துண்டை மூக்கில் வைத்தபடி அவர் என் பக்கத்தில் நின்றார்.

2015-இல், நேர்மையான தேர்தல் கேட்கும் பெர்சே இயக்கத்தின் பெர்சே 4 பேரணிக்கு முன்பும் இதே கதை. பேரணிச் செய்தியைப் பரப்பும் இணையத்தளங்களை முடக்குவதாகத் தொடர்பு, பல்லூடக ஆணையம் அறிவித்தது. பேரணியின் பெயர் அச்சிட்ட மஞ்சள் சட்டைக்கும் தடை வந்தது. ஆனால் நாளும் இடமும் நிறமும் ஏற்கெனவே வாய்வழியாகப் பரவியிருந்தன. தெரியாமல் இருந்தவருக்கும் அந்தத் தடையே சொல்லிக் கொடுத்தது. ஆகஸ்டு 29, 30 இரண்டு நாளும் நகரமே மஞ்சளாக இருந்தது.

எல்லாத் தடையும் இப்படித் திருப்பி அடிக்காது. 1987-இல் லாலாங் நடவடிக்கை என்ற போலீஸ் கைது வேட்டையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைதானார்கள், மூன்று பத்திரிகைகளின் உரிமம் நிறுத்தப்பட்டது. அந்தப் பயம் நம் வீடுகளில் பல வருடம் தங்கியிருந்தது. இன்றும் “எதுக்குடா வம்பு” என்று பெரியவர்கள் சொன்னால் கோபப்படாதீர்கள். அவர்கள் பார்த்தது அது.

சரி, உங்கள் விஷயம். சுற்றிய செய்தி தவறு. 2012 அமைதிப் பேரணிச் சட்டத்தில் பெர்மிட் என்பதே கிடையாது. மாவட்டப் போலீஸ் தலைவருக்கு 5 நாள் முன்பு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். உரிய நேரத்தில் பதில் வராவிட்டால், நீங்கள் எழுதிக் கொடுத்தபடியே நடத்தலாம். அறிவிப்புக் கொடுக்கத் தவறியவருக்கு 10,000 ரிங்கிட் வரை அபராதம் விதித்த பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்று 2025 ஜூலை 1-இல் கூட்டரசு நீதிமன்றமே சொல்லிவிட்டது. அதற்காக அறிவிப்பை விட்டுவிடாதீர்கள். பயந்தவர் கையில் காட்ட அந்தத் தாள் வேண்டும். 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அழைத்து வர வேண்டாம். திடல் யார் பெயரில் இருக்கிறது, அவர்களின் ஒப்புதல் வேண்டுமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் கேட்டுவிடுங்கள். இன்னொரு வழியும் உண்டு: சங்கத்தின் பொதுக்கூட்டத்துக்கு அறிவிப்பே தேவையில்லை. முதலில் அதைக் கூட்டி முகம் பார்த்துப் பேசுங்கள்.

முகநூல் பதிவை அரசுதான் நீக்கியது என்று உடனே முடிவு கட்டவும் வேண்டாம். அந்த நிறுவனமே தன் விதிப்படி எடுத்திருக்கலாம். மீண்டும் போடும்போது நாள், நேரம், இடம், கோரிக்கை, இவ்வளவு போதும். யாரையும் திட்டி எழுதாதீர்கள். இணையத்தில் பிறரைப் புண்படுத்தும் பதிவுகளுக்கு எதிரான தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் 233-ஆம் பிரிவில் அபராத உச்சவரம்பு 2025 பிப்ரவரியில் 50,000 ரிங்கிட்டிலிருந்து 500,000-ஆக உயர்ந்துவிட்டது.

குழுவை மட்டும் நம்பாதீர்கள். மாடிக்கு ஒருவராக ஆள் பிரித்து, மாலையில் கதவைத் தட்டுங்கள். “வருவீங்களா?” என்று மட்டும் கேட்டால் “பாக்கலாம்” என்றுதான் பதில் வரும். “மூணாவது மாடியில ஆறு வீடு வருது, நீங்களும் வாங்க” என்று சொல்லிப் பாருங்கள். பெயர் சொல்லலாமா என்று அந்த ஆறு வீட்டையும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

அறிவிப்பை இரண்டு படியாகக் கொண்டுபோய், ஒன்றில் காவல் நிலைய முத்திரை வாங்குங்கள். அதைப் படமெடுத்துக் குழுவில் போடுங்கள். கீழே “நாங்க வர்றோம்” என்று உடனே எழுத, எல்லாரும் மதிக்கும் அக்கா ஒருவரிடம் முதலிலேயே பேசி வையுங்கள்.