‘எப்படி?’ என்று கேட்காத பத்தி

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் தேர்வை இரண்டு முறை எழுதிவிட்டேன். கேட்டல், வாசித்தல் இரண்டிலும் 7.5க்குக் குறையவில்லை. எழுத்தில் மட்டும் இரண்டு முறையும் 6. எனக்கு 7 வேண்டும். பயிற்சி வகுப்பில் கொடுத்த டெம்ப்ளேட்டை மனப்பாடம் செய்தேன். இணைப்புச் சொற்கள் நூறு படித்தேன். இலக்கணப் பிழை அதிகமில்லை என்றுதான் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். பயிற்சிக்கு எழுதிய ஒரு பத்தியைத் தமிழில் தருகிறேன். தலைப்பு: “நகரப் பேருந்துகளை எல்லோருக்கும் இலவசமாக்குவதே போக்குவரத்து நெரிசலைக் குறைக்கச் சிறந்த வழி. எந்த அளவுக்கு ஒத்துக்கொள்கிறீர்கள்?”

“நகரப் பேருந்துகளை இலவசமாக்குவது இன்றைய காலகட்டத்தில் மிக அவசியம். இதனால் நெரிசல் பெருமளவு குறையும். மேலும், காற்று மாசும் குறையும். அதுமட்டுமல்லாமல், ஏழை எளிய மக்களுக்கும் இது பேருதவியாக இருக்கும். உதாரணமாக, பல நாடுகளில் இது வெற்றிகரமாக நடைமுறையில் உள்ளது. ஆகவே இது மிகச் சிறந்த வழி என்பதில் ஐயமில்லை.”

இதில் என்ன குறை? புள்ளிவிவரம் நினைவில் இல்லாதபோது நாமே ஒன்றைப் போட்டுக்கொள்ளலாமா? அடுத்து, மேற்படிப்புச் சேர்க்கைக்கான ஜி.ஆர்.இ. தேர்வும் எழுத வேண்டும். இதே முறை அங்கே செல்லுமா?

எம்.

அன்புள்ள எம்.,

உங்கள் பத்தியில் ஆறு வாக்கியங்கள். ஆறும் முடிவுகள். நெரிசல் குறையும் என்கிறீர்கள், எப்படிக் குறையும் என்று எழுதவில்லை. அதற்குள் மாசுக்குப் போய்விட்டீர்கள், அங்கிருந்து ஏழைகளுக்கு. 6 பேண்டுக்கான (மதிப்பெண் நிலைக்கான) மதிப்பீட்டு விவரிப்பும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கிறது: கருத்துகள் பொருத்தமானவை, ஆனால் சில போதிய அளவு வளர்க்கப்படவில்லை. நூறு இணைப்புச் சொற்களால் இதைச் சரிசெய்ய முடியாது. ‘மேலும்’ என்ற சொல் அடுத்த பொருளுக்குத் தாவ வழிவிடும், அவ்வளவுதான். சொன்ன பொருளுக்குள் இறங்க அது உதவாது.

இன்னொரு குறையும் இருக்கிறது. தலைப்பு நெரிசலைப் பற்றிக் கேட்கிறது. ஏழைகளுக்கு உதவும் என்பது உண்மையாகவே இருக்கட்டும், நல்ல காரணமாகவும் இருக்கட்டும். இந்தக் கேள்விக்கு அது பதிலில்லை. மாசு வேண்டுமானால் நெரிசலின் விளைவாக ஓரமாக நிற்கலாம். தலைப்பில் மூன்று இடங்களில் கோடு போட்டிருக்க வேண்டும்: ‘எல்லோருக்கும்’, ‘நெரிசல்’, ‘சிறந்த வழி’. ‘சிறந்த’ என்று வந்துவிட்டால் வேறொரு வழியோடு ஒப்பிடாமல் பதில் முழுமையாகாது. உங்கள் பத்தியில் ஒப்பீடே கிடையாது. ‘ஒரே’, ‘எப்போதும்’, ‘அதிக’ போன்ற சொற்களும் இப்படித்தான். தலைப்பில் கண்ணி அவற்றில்தான் இருக்கும்.

இப்போது உங்கள் முதல் கூற்றை மட்டும் எடுத்து ‘எப்படி?’ என்று கேட்டுப் பாருங்கள். பேருந்து இலவசமானால் நெரிசல் குறையும். எப்படி? கார்கள் குறையும். கார்கள் ஏன் குறையும்? கார் ஓட்டுபவர் பேருந்துக்கு மாறுவார். ஏன் மாறுவார்? கட்டணம் மிச்சம். இங்கேதான் சங்கிலி அறுகிறது. எரிபொருளுக்கும் வண்டி நிறுத்தவும் பேருந்துக் கட்டணத்தைவிட அதிகம் கொடுத்துக்கொண்டிருப்பவர் கட்டணத்துக்காகவா பேருந்தை விட்டார்? நேரத்துக்கு வராத வண்டியும் நிறுத்தத்தில் நிற்கும் நேரமும்தான் அவரைக் காரில் ஏற்றின. இலவசமாக்கினால் புதிதாக ஏறுபவர்களில் நடந்து போனவர்களும் மிதிவண்டிக்காரர்களும் நிறையப் பேர் இருக்கலாம். அவர்கள் ஏறுவதால் சாலையில் ஒரு கார்கூடக் குறையாது.

இந்த யோசனையை எப்போது செய்கிறோம் என்பதில்தான் 6க்கும் 7க்கும் இடையிலான தூரம் பெரும்பாலும் இருக்கிறது. முன்னுரையில் “முழுமையாக ஒத்துக்கொள்கிறேன்” என்று எழுதிவிட்டு, இரண்டாம் பத்தியின் நடுவில் இந்த ஓட்டையைப் பார்ப்பவர், முடிவுரையில் “இருந்தாலும் இரு பக்கமும் நியாயம் உண்டு” என்று நழுவுவார். 7க்குத் தொடக்கம் முதல் கடைசிவரை நிலைப்பாடு தெளிவாக இருக்க வேண்டும். ஆகவே ஓட்டையைத் திட்டமிடும்போதே கண்டுபிடித்துவிட வேண்டும். உங்கள் பக்கத்தையே பிடித்துக்கொண்டும் வாதாடலாம், தேர்வாளருக்கு நீங்கள் எந்தப் பக்கம் என்பதில் அக்கறை இல்லை. ஆனால் இந்தத் தலைப்பில் ‘ஓரளவு மறுக்கிறேன்’ என்ற நிலையில் சொல்ல அதிகம் இருக்கிறது. ‘ஓரளவு’ என்றால் எந்த அளவு என்று அந்த வாக்கியத்திலேயே வரவேண்டும்: “கட்டணத்தை நீக்குவது பயணிகளைக் கூட்டும். ஆனால் காரை வீட்டில் விடவைப்பது வண்டிகளின் எண்ணிக்கையும் நேரம் தவறாமையும்தான் என்பதால், நெரிசலுக்கு இதைச் சிறந்த வழி எனக் கருதவில்லை.” இதற்குப் பிறகு கட்டுரை தடம் மாறுவது கடினம்.

கணக்கைச் சொல்கிறேன். எழுத்துத் தாளுக்கு மொத்தம் 60 நிமிடம். இரண்டாம் கேள்வியான கட்டுரைக்குச் சொல்லப்படும் அளவு 40 நிமிடம், குறைந்தது 250 சொற்கள். முதல் கேள்வியைப் போல் இரு மடங்கு எடை இதற்கு. முதல் கேள்வியில் மெருகு போட்டு 30 நிமிடம் தின்றுவிடுபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 40இல் 8 நிமிடம் திட்டம், 27 நிமிடம் எழுத்து, 5 நிமிடம் சரிபார்ப்பு. 270 முதல் 290 சொற்கள் போதும். முன்னுரைக்கு 45, இரண்டு நடுப்பத்திகளுக்கும் தலா 95 முதல் 105, முடிவுரைக்கு 35. மூன்று நடுப்பத்தி எழுதுபவர்களுக்கு ஒவ்வொன்றிலும் 60, 70 சொல்தான் மிஞ்சும். அதற்குள் ஒரு காரணத்தை விளக்கி முடிக்க முடியாது, உங்கள் பத்தி மாதிரித்தான் வரும்.

அந்த 8 நிமிடத்தில் தாளில் ஆறு வரி இருந்தால் போதும். நிலைப்பாடு ஒரு வரி. காரணங்கள் இரண்டு, ஒவ்வொன்றின் அருகிலும் ‘எப்படி?’ சங்கிலியின் இரண்டு கண்ணிகள். ஒவ்வொன்றுக்கும் ஓர் எடுத்துக்காட்டு. எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதம் ஒன்று. இந்தக் கடைசி வரியை ஒப்புக்குப் போடாதீர்கள். “சிலர் இலவசத்தை விரும்பமாட்டார்கள்” என்று ஒரு நோஞ்சான் எதிரியை நிறுத்தி வீழ்த்துவதில் பயனில்லை. “கட்டணம் இல்லாவிட்டால் சீட்டு வாங்க நிற்கும் நேரம் போகும், வண்டி வேகமாகும்” என்பது உண்மையான எதிர்வாதம். அதை ஒத்துக்கொண்டு, “பேருந்து நிற்கும் நேரம் குறையும், ஆனால் எதிரே நிற்கும் கார்வரிசை அப்படியே இருக்கும்” என்று பதில் சொல்லலாம். எதிர்வாதத்தைப் பத்தியின் தொடக்கத்தில் வையுங்கள். பத்தி அதில் முடிந்தால், படிப்பவர் காதில் கடைசியாக ஒலிப்பது எதிரியின் குரல்.

‘சிறந்த வழி’க்கான ஒப்பீடு இரண்டாம் நடுப்பத்தியில் வரட்டும். சிங்கப்பூர் 1975இல், லண்டன் 2003இல், நகர மையத்துக்குள் நுழையும் வாகனங்களுக்குக் கட்டணம் வைத்தன. பேருந்துக் கட்டணத்தை நீக்குவது பேருந்துப் பயணியைத் தொடுகிறது. நுழைவுக் கட்டணமோ நெரிசலை உண்டாக்கும் காரோட்டியையே நேராகத் தொடுகிறது. ஒப்பீட்டின் முழு வாதமும் இந்த இரண்டு வாக்கியங்கள்தாம்.

எடுத்துக்காட்டு என்றதும் “பல நாடுகளில்” என்று எழுதியிருக்கிறீர்கள். எந்த நாடு? லக்ஸம்பர்க் 2020இல் நாடு முழுவதும் பொதுப் போக்குவரத்தை இலவசமாக்கியது (ரயிலில் முதல் வகுப்பைத் தவிர). இதைப் போட்டிருந்தால் பத்திக்கு ஒரு முகம் கிடைத்திருக்கும். ஆனால் அதுவும் தனியாகச் சான்றாகாது. இலவசமாக்கினார்கள் என்பது செயல். நெரிசல் என்ன ஆயிற்று என்பதுதான் சான்று.

இட்டுக்கட்டிய புள்ளிவிவரம் பற்றிக் கேட்டீர்கள். தேர்வாளர் உண்மை சரிபார்ப்பதில்லை. இருந்தும் வேண்டாம். “ஒரு பல்கலைக்கழக ஆய்வின்படி 78 விழுக்காட்டினர்” என்று தொடங்கும் வாக்கியம் ஏன் என்று விளக்காது. விளக்கம் வரவேண்டிய இடத்தில் எண் உட்கார்ந்துகொள்ளும். கேள்வித்தாளே “உங்கள் அறிவிலிருந்தோ அனுபவத்திலிருந்தோ பொருத்தமான எடுத்துக்காட்டு” என்றுதான் கேட்கிறது. “வேலைக்கு 9 மணிக்குள் போகவேண்டியவர், 20 நிமிடத்துக்கு ஒரு முறை வரும் வண்டியை நம்பமாட்டார்” என்பது முழுத் தகுதியுள்ள எடுத்துக்காட்டு.

டெம்ப்ளேட் பற்றிச் சுருக்கமாக: ‘இன் திஸ் மாடர்ன் எரா’ என்று தொடங்கும் கட்டுரையைத் தேர்வாளர் அன்றைக்கே பலமுறை படித்திருப்பார். மனப்பாடம் செய்த தொடர்களை அடையாளம் காணப் பயிற்சி பெற்றவர்கள் அவர்கள். தலைப்பை அப்படியே பெயர்த்து எழுதினாலும் பலனில்லை. ‘ஃபர்தர்மோர்’, ‘மோர்ஓவர்’ இரண்டையும் ஒரு மாதம் விலக்கி வையுங்கள். அந்த இடத்தில் ‘திஸ் மீன்ஸ்’, ‘பிகாஸ்’ எழுதவேண்டி வரும். அப்போது உங்களுக்கே தெரியும், எங்கே காரணம் இல்லையென்று.

பயிற்சியை முழுக்கட்டுரையில் தொடங்காதீர்கள். முதல் வாரம் பத்துத் தலைப்புகளுக்குத் திட்டம் மட்டும், கடிகாரம் வைத்து 8 நிமிடம். அடுத்த வாரம் ஒரு நாளுக்கு ஒரு நடுப்பத்தி, நேர வரம்பு இல்லாமல். எழுதியதில் ‘எப்படி?’, ‘ஏன்?’க்குப் பதில் சொல்லும் வாக்கியங்களின் கீழ் கோடு போடுங்கள். பத்திக்குக் குறைந்தது இரண்டு கோடு விழவேண்டும். உங்கள் பத்தியில் ஒன்றுகூட விழாது. மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் இரண்டு முழுக்கட்டுரை, 40 நிமிடத்தில். இரண்டு நாள் கழித்து அதே கட்டுரையைத் திருப்பி எழுதுங்கள். புதுத் தலைப்புகளை அடுக்கிக்கொண்டே போவதைவிட இதில் பலன் அதிகம், அலுப்பும் அதிகம்.

ஜி.ஆர்.இ.க்கு இந்தத் திட்டமிடும் பழக்கம் செல்லும், கட்டமைப்பு அப்படியே செல்லாது. 2023 செப்டம்பரிலிருந்து அங்கே ஒரே கட்டுரைதான், ‘இஷ்யூ’ வகை (ஒரு கூற்றின் மீது உங்கள் நிலைப்பாட்டை எழுதுவது), 30 நிமிடம், 0 முதல் 6 வரை அரை அரையாக மதிப்பெண். திட்டத்தை 5 நிமிடமாகச் சுருக்கிக்கொள்ளுங்கள். தலைப்போடு ஒரு கட்டளை வரும், அதை விட்டுவிடுபவர்கள் அதிகம். சில கட்டளைகள் அந்தக் கூற்று எந்தச் சூழலில் பொருந்தும், எந்தச் சூழலில் பொருந்தாது என்று ஆராயச் சொல்லும். சில, மறுதரப்புக்கு நேரடியாகப் பதில் கேட்கும். அங்கே எதிர்வாதத்துக்கு ஒரு முழுப் பத்தி ஒதுக்குங்கள். தலைப்புகளின் தொகுப்பை, தேர்வை நடத்தும் இ.டி.எஸ். நிறுவனமே தன் தளத்தில் வெளியிட்டிருக்கிறது, தேர்வுத் தலைப்பு அதிலிருந்துதான் வரும். முதல் வாரத்துக்கான பத்துத் தலைப்புகளில் ஐந்தை அங்கிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். தேர்வுத் திரையில் எழுத்துப்பிழை காட்டும் வசதி இல்லை, வீட்டிலும் அதை அணைத்துவிட்டுத் தட்டச்சு செய்யுங்கள்.