100 ஃபாக்டோரியலின் (1 முதல் 100 வரை எல்லா எண்களையும் பெருக்கினால் வருவது) கடைசியில் எத்தனை பூஜ்யம் என்று முழுதாகப் பெருக்காமல் சொல்ல முடியுமா?

முடியும். நீங்கள் பிளஸ் ஒன் படிப்பவராகவோ போட்டித் தேர்வுக்குத் தயாராகிறவராகவோ இருப்பீர்கள். கைடில் 24 என்று இருக்கும், கம்ப்யூட்டரில் வேறு ஏதோ வந்திருக்கும். கைடு சொல்வதுதான் சரி.

நான் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் வீட்டு மாடியில் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். இதே கணக்குக்காக ஒரு பையனின் அப்பா என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நேராக மாடிக்கு ஏறி வந்தார். எக்செல்லில் 100 ஃபாக்டோரியலைப் போட்டு, கட்டத்தை அகலமாக இழுத்து வைத்திருந்தார். 933262154439441 என்று ஆரம்பித்து, அதற்கப்புறம் வரிசையாகப் பூஜ்யம்தான். "எண்ணிப் பாருங்க சார், நூத்துக்கு மேல இருக்கு. நீங்க 24-னு சொல்லிக் கொடுத்திருக்கீங்க" என்றார், அத்தனை பிள்ளைகள் முன்னாலும்.

போர்டில் எழுதிக் காட்டினேன். கடைசியில் ஒரு பூஜ்யம் வர ஒரு 2-ம் ஒரு 5-ம் சேர வேண்டும். 1 முதல் 100 வரை பெருக்கினால் 2 மொத்தம் 97 கிடைக்கும், அதற்குப் பஞ்சமில்லை. தட்டுப்பாடு 5-க்குத்தான். 5-இன் மடங்குகள் 20. அவற்றில் 25, 50, 75, 100 ஆகிய நான்கிலும் இன்னொரு 5 உண்டு. ஆக 24. அதற்கு மேல் ஒரு பூஜ்யம்கூட வர வழியில்லை.

"அப்போ கம்ப்யூட்டர் பொய் சொல்லுதா?" என்று கேட்டார். திரையில் இருந்த இலக்கங்களை அவர் பையனையே கூட்டச் சொன்னேன். 60 வந்தது. 100 ஃபாக்டோரியலில் 9 ஒரு காரணி, அதனால் இலக்கங்களின் கூட்டுத்தொகை 9-ஆல் வகுபட்டே ஆக வேண்டும். 60 வகுபடாது. "அப்போ இது 100 ஃபாக்டோரியலே இல்லப்பா" என்று பையனே சொல்லிவிட்டான். எனக்கு அதைவிடப் பெரிய சம்பளம் வேண்டாம். எக்செல் 15 இலக்கம் வரைதான் காட்டும், மீதி இடத்தைப் பூஜ்யம் போட்டு நிரப்பிவிடும். உண்மையான எண்ணுக்கு 158 இலக்கங்கள். கூட்டினால் 648, அது 9-ஆல் வகுபடும்.

'பைத்தான் கம்ப்யூட்டர் மொழியில் ஒரு வரி எழுதினால் போதுமே' என்று யாராவது கீழே எழுதுவார்கள். போதும்தான், 158 இலக்கமும் சரியாக வரும். நான் கம்ப்யூட்டருக்கு எதிரி இல்லை. திரையில் தெரிவதைச் சோதிக்க நம் கையில் ஒரு வழி இருக்க வேண்டும் என்கிறேன், அவ்வளவுதான். ஒரு அலுவலகத்தில் என் அம்மாவின் பெயரில் ஓர் எழுத்தைத் தப்பாக ஏற்றிவிட்டார்கள். திருத்தக் கேட்டால் "சிஸ்டத்துல அப்படித்தாங்க காட்டுது" என்று பழைய தாளைப் பார்க்கக்கூட மாட்டேன் என்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டியவர், வெயிலில் வரிசையில் நிற்கிறார். கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, கணக்குக்கு வருகிறேன். இந்த எண்ணைப் பெருக்காமலே இன்னும் நிறையச் சொல்லலாம். 101 பகா எண் என்பதால் 100 ஃபாக்டோரியல் அதனால் வகுபடாது. ஆனால் அதோடு 1-ஐச் சேர்த்தால் 101-ஆல் மீதியில்லாமல் வகுபடும். இதற்கு வில்சன் தேற்றம் என்று பெயர், 1771-இல் லாக்ராஞ்ச் என்ற கணித அறிஞர் நிரூபித்தார். எனக்கு ரொம்பப் பிடித்தது இன்னொன்று. 100 ஃபாக்டோரியலுடன் 2, 3 என்று 100 வரை தனித்தனியாகக் கூட்டிப் பாருங்கள். முதலாவது 2-ஆல் வகுபடும், அடுத்தது 3-ஆல், இப்படியே 100 வரை. தொடர்ந்து 99 எண்கள், ஒன்றுகூடப் பகா எண் இல்லை.

1000 ஃபாக்டோரியலின் கடைசியில் எத்தனை பூஜ்யம் என்று நீங்களே போட்டுப் பாருங்கள். 25-உடன் நிறுத்திவிடாமல் 125, 625 இரண்டின் மடங்குகளையும் எண்ண வேண்டும். 249 வந்தால் சரி.